பிரசவ தேதி தாண்டிய குளிர்கால நாட்கள்: குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரசவத்துக்குத் தயாராகும் குடும்பங்களுக்கு வகுப்பு நடத்தும் எனக்கு, குளிர்காலம் தொடங்கியதும் ஒரே வகையான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதி கடந்துவிட்டது, வலி வரவில்லை, வெளியே கடுங்குளிர், வீடு நிறைய ஆட்கள், எல்லோருடைய கண்ணும் ஒரே பெண்ணின் மீது. அந்த நிலையில் இருந்தவர்கள் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள்; உங்கள் மருத்துவரோ பேறுகாலச் செவிலியரோ பரிசோதித்துவிட்டுச் சொல்வதே உங்களுக்குப் பொருந்தும்.

1. டாக்டர் சொன்ன தேதி போய் நாலு நாள் ஆகிவிட்டது. ஏதாவது கோளாறா?

இல்லை. பிரசவ தேதி என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்களை, அதாவது 40 வாரங்களை, எண்ணிச் சொல்லப்படும் ஒரு மதிப்பீடு. இந்தக் கணக்கு ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஃபிரான்ஸ் நேகலேயின் (1778–1851) பெயரால் அறியப்படுகிறது. குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான்.

மருத்துவ வகைப்பாட்டில் 39 வாரம் முதல் 40 வாரம் 6 நாள் வரை நிறைமாதம். 41 வாரம் முதல் 41 வாரம் 6 நாள் வரை தாமதமான நிறைமாதம். 42 வாரம் நிறைந்த பிறகே அது காலம் கடந்த கர்ப்பம். அந்தக் கணக்கில் நான்கு நாள் தாண்டிய பெண் இன்னும் நிறைமாதத்திலேயே இருக்கிறார். வீட்டில் "தேதி போய்விட்டது" என்று பேசாமல் "இன்று 40 வாரம் 4 நாள்" என்று சொல்லிப் பழகுங்கள். மருத்துவமனையோடு பேசும்போதும் அந்தக் கணக்குதான் உதவும்.

2. மாதவிடாய்க் கணக்கில் ஒரு தேதி, முதல் ஸ்கேனில் ஒரு தேதி, ஒன்பதாம் மாத ஸ்கேனில் இன்னொரு தேதி. எதை நம்புவது?

முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்த ஸ்கேனின் தேதியே மிகவும் நம்பத்தக்கது. அந்தப் பருவத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை அளந்து வயதைச் சில நாட்கள் வித்தியாசத்துக்குள் சொல்லிவிட முடியும். கடைசி மாதங்களில் ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு அளவில் இருக்கும் என்பதால், அப்போது ஸ்கேன் காட்டும் தேதி மூன்று வாரம் வரைகூட முன்பின்னாக இருக்கலாம். ஆகவே தொடக்கத்தில் உறுதிசெய்த தேதியைப் பிந்தைய ஸ்கேனை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டாம். தொடக்க ஸ்கேனே எடுக்கவில்லை என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கண்காணிப்பை எப்போது தொடங்குவது என்பதை அது மாற்றும்.

3. எனக்கு மட்டும் ஏன் தள்ளிப்போகிறது? குளிர்தான் காரணமா, நான் சரியாக நடக்காததா?

இரண்டும் இல்லை. தேதி தவறாகக் கணக்கிடப்பட்டிருப்பதே தாமதமாகத் தோன்றுவதற்கு மிகப் பொதுவான காரணம். தேதி சரியாக இருந்தும் தள்ளிப்போவது, முதல் பிரசவத்திலும், முந்தைய பிரசவம் தாமதமானவர்களிடமும், தாயின் உடல் எடை மிக அதிகமாக இருக்கும்போதும், ஆண் குழந்தையாக இருக்கும்போதும் சற்று அதிகமாகக் காணப்படுகிறது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. இவற்றில் எதுவும் அந்தப் பெண் கடைசி வாரத்தில் நடந்ததாலோ நடக்காததாலோ ஏற்படுவதல்ல.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், "நீ படுத்தே கிடந்தாய், அதனால்தான்" என்ற சொல் பல வீடுகளில் மிகச் சாதாரணமாக விழுகிறது. நிறைமாதத்தில் தூக்கமில்லாமல் இருக்கும் ஒரு பெண்ணின் காதில் அது விழக்கூடாது.

4. அப்படியானால் எத்தனை நாள் காத்திருக்கலாம்?

காத்திருக்கலாம் என்பதற்கும் எல்லை இல்லை என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. 41 வாரம் நிறைந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்த பெண்களுக்கு வலியைத் தூண்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சில மருத்துவமனைகள் 41 வாரத்திலேயே செய்கின்றன. சில, நெருக்கமான கண்காணிப்போடு இன்னும் சில நாள் காத்திருக்கின்றன. 42 வாரத்தைக் கடக்கவிடுவதைப் பெரும்பாலானோர் விரும்புவதில்லை.

காலம் கடக்கும்போது நஞ்சுக்கொடியின் செயல்திறன் குறையலாம்; பனிக்குட நீர் குறையலாம்; குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, அது கலந்த நீரை மூச்சில் இழுத்துக்கொள்ளலாம்; குழந்தை மிகப் பெரிதாகிப் பிரசவம் கடினமாகலாம். வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்து மொத்தத்தில் மிகச் சிறியதுதான் என்றாலும், 41 வாரத்துக்குப் பிறகு அது கூடிக்கொண்டே போகிறது. 41 வாரத்தில் வலியைத் தூண்டுவதையும் 42 வாரம் வரை காத்திருப்பதையும் ஒப்பிட்டு ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 2,760 பெண்கள் சேர்ந்த நிலையிலேயே நிறுத்தப்பட்டது. காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்திருந்தனர், மற்றப் பிரிவில் ஒன்றுகூட இறக்கவில்லை. அதன் முடிவு 2019இல் வெளியானது.

எனவே 40 வாரத்துக்கும் 41 வாரத்துக்கும் இடையில் நிம்மதியாக இருங்கள். 41ஆம் வாரம் நிறையும் நாளுக்கு முன்பே, அடுத்து என்ன செய்வது என்பதை மருத்துவரோடு பேசி முடிவுசெய்து வைத்திருங்கள்.

5. கடைசியில் இடம் போதாமல் குழந்தை அசைவது குறைந்துவிடும் என்கிறார்களே, உண்மைதானா?

உண்மை இல்லை, இந்தத் தொகுப்பில் மிகவும் ஆபத்தான தவறான நம்பிக்கை இதுதான். இடம் நெருக்கமாவதால் அசைவின் தன்மை மாறலாம்: பளிச்சென்ற உதைக்குப் பதிலாகப் புரள்வதும் தள்ளுவதும் அதிகமாகலாம். ஆனால் வலி தொடங்கும் வரையிலும், வலியின்போதும்கூட, குழந்தை வழக்கம்போல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். அது குறைந்ததாகத் தோன்றினால், இடப்பக்கமாகப் படுத்துக் கவனத்தை முழுவதும் வயிற்றின் மீது வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவுகளை உணர்வது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அது கிடைக்கவில்லை என்றாலோ, எண்ணிக்கை கிடைத்தும் "இது வழக்கம்போல் இல்லை" என்று மனத்தில் பட்டாலோ, உடனே மருத்துவமனையை அழையுங்கள். விடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம், பனி நிற்கட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். வீட்டில் வைத்து இதயத்துடிப்பைக் கேட்கும் கருவிகளை நம்பி இருந்துவிடாதீர்கள். துடிப்பு கேட்பதால் மட்டும் குழந்தை நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது, சில நேரம் அதில் கேட்பது தாயின் துடிப்பாகவே இருக்கும்.

குளிர்காலத்துக்கு என்று இதில் ஒரு சிக்கல் உண்டு. கனமான உடைகளும் போர்வைகளும் வயிற்றை மூடியிருக்க, கையை வைத்து உணரும் பழக்கம் குறைந்துவிடுகிறது. ஆகவே நாளில் ஒரு நேரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். இரவு உணவுக்குப் பின் வீட்டிலுள்ள மற்றவர்கள் அந்தப் பெண்ணை எந்த வேலைக்கும் அழைக்காமல் விட்டால் போதும்.

6. தேதி தாண்டியபின் என்னென்ன பரிசோதனை செய்வார்கள்?

குழந்தையின் இதயத்துடிப்பைப் பட்டையால் வயிற்றில் கட்டிப் பதிவுசெய்யும் என்.எஸ்.டி. அல்லது சி.டி.ஜி. சோதனையும், பனிக்குட நீரின் அளவைப் பார்க்கும் ஸ்கேனும் முக்கியமானவை. 41 வாரத்துக்குப் பிறகு இவற்றை வாரத்துக்கு இருமுறை செய்வது பல இடங்களில் வழக்கம். இவை அன்றைய நிலையைத்தான் காட்டுகின்றன. நேற்று எல்லாம் சரியாக இருந்தது என்பதற்காக, இன்று அசைவு குறைந்திருப்பதைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது. குளிருக்குப் பயந்து ஒரு சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டியிருந்தால், முதலில் மருத்துவமனையில் பேசி மாற்று நாளை வாங்கிக்கொண்டு பிறகு தள்ளிப்போடுங்கள்.

7. காலையில் கண் விழிப்பதற்குள் போன் வந்துவிடுகிறது. "இன்னும் ஒன்றும் இல்லையா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்; உங்களுக்காக இன்னொருவர் சொல்லட்டும். அக்கறையில்தான் கேட்கிறார்கள். கேட்பவர் ஒருமுறைதான் கேட்கிறார், பதில் சொல்பவர்தான் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு அழைப்பும், ஏதோ செய்ய வேண்டியதை அவர் செய்யாமல் விட்டது போன்ற உணர்வை ஏற்படுத்திவிடுகிறது.

என் வகுப்புக்கு வந்த ஒரு கணவர் செய்ததை நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. தேதி தாண்டிய மறுநாளே மனைவியின் கைப்பேசியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உறவினர், நண்பர் அனைவருக்கும் ஒரே செய்தியை அனுப்பினார்: "தாயும் குழந்தையும் நலம். பரிசோதனைகள் எல்லாம் சரியாக உள்ளன. குழந்தை பிறந்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வோம். அதுவரை என்னிடம் மட்டும் பேசுங்கள்." பெரியவர்களில் சிலருக்கு வருத்தம் வந்தது, அவர்களை மாலையில் தானே அழைத்துப் பேசினார். மனைவி பேச விரும்பிய இரண்டு மூன்று பேரின் அழைப்பு வந்தால் மட்டும் கைப்பேசியை அவரிடம் கொடுத்தார்.

இதைப் படிப்பவர் உறவினராக இருந்தால் ஒரு வேண்டுகோள். "பிறந்துவிட்டதா?" என்று கேட்பதற்குப் பதிலாக "நாளை மாலை மூத்தவனை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். அந்த வீட்டுக்கு இப்போது தேவைப்படுவது அதுதான்.

8. மூத்த பெண்ணுக்கு நாலு வயது. தினமும் "பாப்பா இன்னிக்கு வருமா?" என்று கேட்டு அழுகிறாள்.

அவளுக்கு நீங்கள் ஒரு தேதியைச் சொல்லியிருப்பீர்கள், அது நடக்கவில்லை. இனி எந்த நாளையும் வாக்குக் கொடுக்காதீர்கள். "பாப்பா தயாரானதும் வரும். எப்போது என்று அம்மாவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வரும்போது உனக்கு உடனே சொல்வோம்" என்பது நாலு வயதுக்குப் போதுமான, உண்மையான பதில். பாப்பா எப்போது வரும் என்பதைவிட, பாப்பா வரும்போது தன்னோடு யார் இருப்பார்கள் என்பதே அந்த வயதுக் குழந்தையின் உள்ளக் கவலை. அதற்குத் தெளிவான பதில் சொல்லுங்கள்: இரவில் அம்மா புறப்பட்டால் பாட்டி உன் பக்கத்தில் படுத்துக்கொள்வார், காலையில் அத்தை உன்னைப் பள்ளிக்கு அழைத்துப் போவார் என்று பெயர் சொல்லி விளக்குங்கள்.

குளிரில் குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதால் பொறுமை இரு பக்கமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பகல் வெளிச்சம் இருக்கும்போது யாராவது ஒருவர் அவளைத் தகுந்த உடையோடு வெளியே அழைத்துச் செல்லட்டும். அந்த ஒரு மணி நேரம் தாய்க்கும் ஓய்வு. காத்திருக்கும் நாட்களில் பள்ளி, குளியல், தூங்கும் நேரம் எதையும் மாற்றாதீர்கள். அவளுடைய இரவு உடை, தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பொம்மை, ஒரு மாற்று உடை ஆகியவற்றை ஒரு சிறு பையில் போட்டுக் கதவருகே வைத்துவிடுங்கள். பொம்மையை அவள் தினமும் பையிலிருந்து எடுத்துவிடுவாள். ஆகவே புறப்படும்போது சேர்க்க வேண்டியவை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையின் மேல் குத்தி வையுங்கள்.

9. என் மனைவி காரணமில்லாமல் அழுகிறாள், எரிந்து விழுகிறாள். நான் என்ன செய்தாலும் தவறாகிறது.

காரணங்கள் இருக்கின்றன: தூக்கமின்மை, இடுப்பு வலி, மூச்சு முட்டல், சீக்கிரம் இருட்டிவிடும் நாட்கள், தன் உடலைப் பற்றி வீடு முழுவதும் நடக்கும் பேச்சு. அவர் கேட்காத அறிவுரையைச் சொல்லாதீர்கள். கேட்காமலே செய்யக்கூடிய வேலைகளைச் செய்துவிடுங்கள்: சமையலறையைத் துடைத்து வைப்பது, மூத்த குழந்தையைத் தூங்க வைப்பது, பத்து மணிக்கு மேல் விருந்தினர் பேச்சை நிறுத்துவது. காலை வெளிச்சத்தில் சன்னலோரம் சிறிது நேரம் அமர்ந்திருப்பதும் பலருக்கு மனத்தைத் தேற்றும். உறங்கும்போது பக்கவாட்டில் படுப்பதே கடைசி மாதங்களில் பாதுகாப்பானது. மல்லாந்து தூங்கிப்போனதாகத் தெரிந்தால் பதறாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எரிச்சலுக்கும் மனச்சோர்வுக்கும் இடையே வேறுபாடு உண்டு. எதிலும் ஈடுபாடு இல்லாமை, நம்பிக்கையின்மை, வாய்ப்புக் கிடைத்தும் தூங்க முடியாமை ஆகியவை இரண்டு வாரமாகத் தொடர்ந்தால் அடுத்த பரிசோதனையில் கட்டாயம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு மட்டுமல்ல, கர்ப்பத்திலேயே மனச்சோர்வு வருவதுண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு. உயிரோடு இருக்க விருப்பமில்லை என்ற பேச்சு வந்தால் அன்றே உதவி தேடுங்கள்.

10. என் அம்மாவும் மாமியாரும் உதவிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. திரும்பிப் போகும் தேதியும் நெருங்குகிறது. வீட்டில் உரசல் தொடங்கிவிட்டது.

பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களுக்கு, குழந்தை இல்லாத மூன்று வாரத்தில் என்ன செய்வதென்று தெரிவதில்லை. குளிரில் வெளியே போகவும் வழியில்லை. அதனால் எல்லோருடைய கவனமும் கர்ப்பிணியின் நடை, உணவு, தூக்கம் ஆகியவற்றின் மீது குவிகிறது. ஒவ்வொருவருக்கும் தனிப் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் சமையல், ஒருவர் மூத்த குழந்தை என்று இருந்தால் தினசரி மோதல் குறையும். பிற்பகலில் கர்ப்பிணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் தட்டுவதில்லை என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். இதைச் சொல்ல வேண்டியவர் அவரவர் பிள்ளைதான்: மாமியாரிடம் கணவரும், அம்மாவிடம் மகளும்.

பயணச்சீட்டின் தேதியை வைத்து வலியைத் தூண்டச் சொல்லிக் கேட்காதீர்கள். சீட்டை மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். முடியாவிட்டால் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்களுக்கு வேறொருவரை இப்போதே கேட்டு வையுங்கள்.

11. கணவர் விடுப்பை இப்போதே எடுக்கலாமா?

இயன்றவரை பிறந்த பிறகு எடுப்பதே நல்லது. உடலும் உள்ளமும் அதிக உதவி கேட்பது அப்போதுதான். அதுவரை, அழைத்தால் உடனே புறப்பட முடியும் என்று மேலதிகாரியிடம் சொல்லி வையுங்கள். வேலையிடம் தொலைவில் இருந்து, பனியால் பாதை அடைபடும் வாய்ப்பும் இருந்தால், பகலில் வண்டியோடு வரக்கூடிய ஒருவரை அருகிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

12. நடந்தால் வலி வரும் என்கிறார்கள். வெளியே உறைபனி. நடக்கட்டுமா?

நடப்பது உடலுக்கும் மனத்துக்கும் நல்லது. ஆனால் நடந்தே வலியை வரவழைத்துவிடலாம் என்ற உறுதி யாராலும் தர முடியாது. நிறைமாதத்தில் உடலின் எடை முன்னே தள்ளியிருக்கிறது, மூட்டுகள் தளர்ந்திருக்கின்றன, தன் காலடியே தனக்குத் தெரிவதில்லை. வழுக்கும் தரையில் அந்த உடலோடு நடப்பது தேவையற்ற துணிச்சல். வீட்டுக்குள்ளோ கூரையுள்ள பெரிய கட்டடங்களிலோ நடங்கள். வெளியே போக வேண்டியிருந்தால் பிடிப்புள்ள தட்டையான காலணி, சிறு எட்டு, துணைக்கு ஒருவர். வீட்டு வாசலில் ஈரக் காலணிகளிலிருந்து வடியும் நீரும் வழுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

விழுந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனையை அழையுங்கள். வயிற்றில் அடிபட்டால் நஞ்சுக்கொடி பிரியும் வாய்ப்பு உண்டு. அது சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

13. இரவில் குளிர் தாங்கவில்லை. அறைக்குள் கணப்பு வைக்கலாமா?

கரி, விறகு எரியும் கணப்புச் சட்டியை மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வயிற்றுக் குழந்தையின் ரத்தத்தில் இன்னும் இறுகப் பற்றுகிறது. தாய்க்கு லேசான தலைவலியாகத் தெரியும் அளவுகூடக் குழந்தையைப் பாதிக்கலாம். எரிவாயு ஹீட்டர் இருந்தால் புகைபோக்கியைச் சரிபார்த்து, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் சளி என்று நினைக்காமல் எல்லோரும் வெளியே வாருங்கள்.

14. மூத்தவனுக்குக் காய்ச்சல். எனக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கர்ப்பத்தில் ஃப்ளூ காய்ச்சல் கடுமையாகத் தாக்கக்கூடும். ஃப்ளூ தடுப்பூசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரமாகும் என்றாலும், இதுவரை போடாதவர் இப்போதும் கேட்கலாம், வீட்டிலுள்ள மற்றவர்களும் போட்டுக்கொள்வது நல்லது. மூத்த குழந்தையை இன்னொருவர் கவனிக்கட்டும், கை கழுவுதல் தவறாமல் நடக்கட்டும், பகலில் சிறிது நேரமாவது சன்னலைத் திறந்து காற்றை மாற்றுங்கள்.

உங்களுக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால் மருத்துவமனையை அழையுங்கள். ஃப்ளூவுக்கான மருந்து, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகம் பயன்தரும். பாராசிட்டமால் சொன்ன அளவில் எடுக்கலாம். ஐபுரூஃபன் வகை மாத்திரைகள் கூடாது, அவை குழந்தையின் இதயத்தருகே உள்ள ரத்தக்குழாயையும் பனிக்குட நீரின் அளவையும் பாதிக்கும்.

15. விளக்கெண்ணெய் குடித்தால் வலி வரும் என்று பாட்டி சொல்கிறார்.

வலி வருமோ வராதோ, வாந்தியும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் வரும். நீரிழப்போடு பிரசவ அறைக்குள் நுழைவது நல்ல தொடக்கமல்ல. மருத்துவரைக் கேட்காமல் எந்த எண்ணெயும் கஷாயமும் வேண்டாம். தாம்பத்திய உறவு, பனிக்குடம் உடையாமலும் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிராமலும் இருந்தால் ஆபத்தில்லை. ஆனால் அதுவும் வலியை உறுதியாகத் தொடங்கிவிடாது. உண்மையில் பயன் தெரிந்த ஒரு வழி, மருத்துவரோ பேறுகாலச் செவிலியரோ கர்ப்பப்பை வாயில் விரலால் சுற்றிச் சவ்வைப் பிரித்துவிடுவது. சிறிது வலியும் ரத்தக் கசிவும் இருக்கும். பிறகு மருந்து வைத்துத் தூண்டும் தேவை குறைகிறது.

16. எந்த நேரத்தில் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்? பனி கொட்டினால் என்ன செய்வது?

முதல் பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரமாகத் தொடர்ந்தால் புறப்படுவது பொதுவான அளவு. இரண்டாம் பிரசவம் வேகமாக நடக்கும் என்பதால் இன்னும் முன்னதாகவே புறப்பட வேண்டும். குளிர்காலத்தில் இந்த அளவையும் தளர்த்திக்கொள்ளுங்கள்: பாதை மோசமாக இருந்தால், வலி ஒழுங்காகத் தொடங்கியதுமே மருத்துவமனையை அழைத்து, உங்கள் தொலைவையும் வானிலையையும் சொல்லுங்கள். கடும் பனிப்பொழிவு என்ற முன்னறிவிப்பு வந்து வீடு தொலைவில் இருந்தால், மருத்துவமனைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கு முன்கூட்டியே போய்விடலாமா என்றும் கேளுங்கள்.

வண்டியில் எரிபொருளைப் பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள். போர்வை, குடிநீர், கைவிளக்கு, பனி அள்ளும் கருவி, கைப்பேசி மின்னேற்றி ஆகியவை உள்ளேயே இருக்கட்டும். வண்டியின் மீது படிந்த பனியை இரவு படுக்கும் முன் ஒருமுறை அகற்றிவிட்டால் நள்ளிரவில் நேரம் மிச்சம்.

வலியே இல்லாவிட்டாலும் உடனே புறப்பட வேண்டியவை: பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வருதல், மாதவிடாய் போன்ற ரத்தப்போக்கு, அசைவு குறைதல், கண் மங்கலோடு கூடிய கடும் தலைவலி. நிறமற்ற நீர் வடிந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு அழையுங்கள்.

17. பாதை அடைபட்டு, வீட்டிலேயோ வண்டியிலேயோ பிறந்துவிட்டால்?

அரிதாக நடப்பதுதான். அவசர உதவி எண்ணை அழைத்துக் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். வெளி விளக்கைப் போட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வையுங்கள். தலையை இழுக்க வேண்டாம். வருவதைத் தாங்கினால் போதும்.

பிறந்ததும் குழந்தைக்கு முதல் எதிரி குளிர். ஈர உடலிலிருந்து வெப்பம் மிக வேகமாக வெளியேறும். உடனே உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, ஈரத் துணியை அப்புறப்படுத்தி, குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் படுக்க வைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள்; தலையையும் மூடுங்கள். பிறந்த குழந்தையின் இயல்பான வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி, தாயின் தோல் அதைக் காக்கும். தொப்புள்கொடியை வெட்டவோ இழுக்கவோ வேண்டாம். வண்டியில் இருந்தால் ஓரமாக நிறுத்தி எச்சரிக்கை விளக்குகளைப் போடுங்கள். என்ஜினை ஓடவிட்டால் புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 13ஆம் கேள்வியில் சொன்ன அதே வாயு அங்கேயும் சேரும்.

18. பிறந்த குழந்தையைக் குளிரில் எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது?

பெரியவர் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக உடுத்தினால் போதும். வண்டியில் குழந்தை இருக்கையின் பட்டைக்கு அடியில் பருத்த மேலுடை இருக்கக்கூடாது, மோதலின்போது அது அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். மெல்லிய உடையோடு பட்டையை இறுக்கிவிட்டுப் போர்வையை மேலே போடுங்கள். வண்டி சூடானதும் அதை அகற்றுங்கள். வீட்டில் தூங்கும்போது தளர்ந்த போர்வையும் தொப்பியும் வேண்டாம். அதிக வெப்பம் பச்சிளங்குழந்தைகளின் திடீர் மரணத்தோடு தொடர்புடையது. கை, கால் சில்லென்று இருப்பது இயல்பு; பிடரியையோ மார்பையோ தொட்டுப் பார்த்தே வெப்பத்தை அறிய வேண்டும்.

19. மருந்து வைத்து வலியைத் தூண்டினால் கடைசியில் ஆபரேஷன்தான் என்கிறார்களே?

அப்படி விதி எதுவும் இல்லை. ஆபத்துக் காரணங்கள் இல்லாத முதல் பிரசவக்காரர்கள் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், 39 வாரத்தில் வலி தூண்டப்பட்டவர்களில் 18.6 சதவீதத்தினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும் சிசேரியன் நடந்தது. கர்ப்பப்பை வாய் எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதை மருத்துவர்கள் பிஷப் மதிப்பெண்ணால் கணிக்கிறார்கள். அது குறைவாக இருந்தால் முதலில் மருந்தாலோ சிறு பலூனாலோ வாயை நெகிழச் செய்வார்கள்.

குடும்பம் அறிந்திருக்க வேண்டியது, இது ஒரே நாளில் முடியாமல் போகலாம் என்பதே. முதல் பிரசவத்தில் ஒரு முழு நாளும் அதற்கு மேலும் ஆவது அசாதாரணமல்ல. ஆகவே மூத்த குழந்தைக்கான ஏற்பாட்டை இரண்டு மூன்று இரவுகளுக்குச் செய்யுங்கள். 7ஆம் கேள்வியில் சொன்ன செய்தியை அனுப்பியிருந்தால், அனுமதிக்கப்பட்ட நாளை யாருக்கும் அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

20. முதல் குழந்தை சிசேரியன். இம்முறை இயல்பாகப் பிறக்கும் என்று காத்திருந்தேன், தேதி போய்விட்டது.

தேதி போனதால் மட்டும் அந்த வாய்ப்பு மூடிவிடாது. ஆனால் பழைய தையல் பிரியும் அபாயம், வலியைத் தூண்டும்போது கூடுகிறது. குறிப்பாக மிசோப்ரோஸ்டால் மருந்தை இத்தகையவர்களுக்கு நிறைமாதத்தில் தவிர்க்கிறார்கள். ஆகவே எந்த நாள் வரை காத்திருப்பது, அதற்குள் வலி வராவிட்டால் தூண்டுவதா, அறுவை சிகிச்சையா என்பதை 40ஆம் வாரத்திலேயே பேசி முடியுங்கள். தையல் இருந்த இடத்தில் வலிக்கும் வலிக்கும் இடையிலும் நீங்காத நோவு இருந்தால் உடனே புறப்படுங்கள்.

21. டாக்டர் 41 வாரத்தில் சேரச் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்கள் "தானாக வரட்டும்" என்கிறார்கள். நடுவில் நான் என்ன செய்வது?

முடிவு உங்களுடையது. பெரியவர்களின் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் உங்கள் நஞ்சுக்கொடியின் நிலையும் நீரின் அளவும் அந்த அனுபவத்தில் தெரியாது. தயங்குபவரை அடுத்த பரிசோதனைக்கு உடன் அழைத்துச் சென்று, மருத்துவரிடம் நேரில் கேட்க விடுங்கள்: தேதி எவ்வளவு உறுதி, இன்றைய சோதனைகள் என்ன காட்டுகின்றன, காத்திருந்தால் எதைக் கவனிப்பீர்கள், எந்த நாளுக்குமேல் காத்திருக்கச் சொல்லமாட்டீர்கள்? பெரும்பாலான வீடுகளில் விவாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

எல்லாம் கேட்ட பிறகும் சில நாள் காத்திருக்கவே நீங்கள் விரும்பினால், அதை மருத்துவமனையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 6ஆம் கேள்வியில் உள்ள சோதனைகளை வாரத்துக்கு இருமுறையாவது செய்துகொள்வதாக ஒப்புக்கொண்டு, அடுத்த சோதனையின் நாளையும் நேரத்தையும், பனியால் வர முடியாமல் போனால் அழைக்க வேண்டிய எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். இடையில் அசைவு குறைந்தால் இந்த ஒப்பந்தம் செல்லாது. அந்த நேரமே புறப்பட வேண்டும்.